ஒதுங்கி நின்று கற்பித்த மாண்டிசோரி அம்மையார்



ஆசிரியர் பேச, மாணவர் கேட்பதே கல்வி என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், ஆசிரியர் ஒதுங்கி நின்றும் கற்பிக்கலாம் என மெய்ப்பித்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இவர் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அந்நாளில், தடைகள் பல கடந்து 1896இல் ரோம் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், அந்நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சிறுவர்களே அவருடைய மாணவர்கள். நம் லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில், பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார் தம் மழலைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலத்தை இது நினைவூட்டுகிறதன்றோ?

அம்மையார் அப்பிள்ளைகளுக்கு நீண்ட பாடங்கள் சொல்லவில்லை. கையில் பொருள்களைத் தந்தார். ஒரு மரக்கட்டையில் 10 குழிகள். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஓர் உருளை. இடம் மாற்றிப் பொருத்தினால், இறுதியில் ஓர் உருளை எக்குழியிலும் நுழையாமல் எஞ்சிவிடும். ஆசிரியர் கடிந்துகொள்ளத் தேவையில்லை. கட்டையே தவற்றைக் காட்டிவிடும். பிள்ளையும் சளைக்காமல் மீண்டும் முயலும். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவிப் பழகிய பிள்ளைகள், நான்கைந்து வயதிலேயே தாமாக எழுதத் தொடங்கினர்.

ஒருநாள் ஆசிரியை வரத் தாமதமாயிற்று. பூட்டாதிருந்த அலமாரியிலிருந்து பிள்ளைகள் தமக்கு வேண்டியவற்றை எடுத்து வேலையில் ஆழ்ந்திருந்தனர். ஆசிரியை அதனைக் குற்றமாகக் கருதினார். அம்மையாரோ, தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு பிள்ளைகளிடம் உண்டெனக் கண்டார். அதன்பின் அவர்களுக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரிகளை அமைத்தார்.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். முதல் பயிற்சியிலேயே 300 பேர் அளவில் சேர்ந்தனர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு அவருடைய மகனைக் காவலில் வைத்தது; அம்மையாரின் நடமாட்டத்துக்கும் தடை விதித்தது. அவரது 70ஆம் பிறந்தநாளன்று மகன் விடுதலையானார். போர்க்காலத்திலும் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் அம்மையாரின் பணி தொடர்ந்தது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் அவர் மறைந்தார்.

பெற்றோர்களே! காலையில் வேலைக்கு விரையும் அவசரத்தில், பிள்ளையின் சட்டைப் பொத்தானை நாமே மாட்டிவிடுகிறோம். அதனால் அவன் கற்கவிருந்த ஒன்றை இழக்கிறான். சற்றுப் பொறுத்து நின்று பாருங்கள். கை கொடுப்பது அன்பு. தக்க நேரத்தில் கையை எடுத்துக்கொள்வதும் அன்பே. மாணவர்களே, நீங்களும் தவறு நேருமென அஞ்சாது முயலுங்கள்!