வாசலில் ஒரு கிராமர்: கிஃப்ட் சிரோமணி

தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் புத்தகத்தைத் திறந்தால் யார் யார் பெயர் வருதுன்னு எண்ணிப் பாருங்க. டூரிங், சாம்ஸ்கி, கிளீனி, பேக்கஸ். எல்லாரும் வெளிநாட்டுக்காரங்க. பட்டுக்கோட்டைத் தெருவில் மார்கழி விடியலில் குனிந்து நின்று கோலம் போடும் அக்காவுக்கும் அந்தப் பேப்பருக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னா சிரிப்பீங்க. சம்பந்தம் இருக்கு என்று 1970களிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதிய ஒருவர் தாம்பரத்தில் இருந்தார். பெயர் கிஃப்ட் சிரோமணி.

1932-ல் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். அவருடைய மனைவி ராணி சிரோமணி அதே கல்லூரியின் கணிதப் பேராசிரியை. ராணியின் துறை ஃபார்மல் லாங்குவேஜ், அதாவது நம்மில் பாதிப் பேருக்கு அரியர் வைக்கிற அதே சமாச்சாரம். ராணியிடம் ஆராய்ச்சி செய்த கமலா கிருத்திவாசன் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை ஆனார். அவர் எழுதிய ஆட்டோமேட்டா புத்தகம் உங்க லைப்ரரியிலேயே இருக்கலாம், தேடிப் பாருங்க. இந்த மூவரும் அடுத்தடுத்து வந்த மாணவர்களும் சேர்ந்து பேசிப் பேசி வளர்த்ததுதான் தாம்பரத்து ஆய்வுக் குழு. அந்தக் கட்டுரைகளில் தனிப் பெயர் குறைவு. இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்தே வரும்.

அவங்க எடுத்துக்கொண்ட கேள்வி என்னன்னு பார்ப்போம். 1960-ல் அல்கால் மொழியின் இலக்கணத்தை விதிகளாக எழுதிக் காட்டிய பிறகு, ஒரு புரோகிராம் சரியா தப்பா என்று கம்பைலர் விதியை வைத்தே சொல்ல முடிந்தது. ஆனால் புரோகிராம் என்பது ஒரே வரிசையில் ஓடும் எழுத்துச் சரம். படம் அப்படி இல்லையே! அதற்கு நீளமும் உண்டு, அகலமும் உண்டு. அப்போ படத்துக்கு இலக்கணம் எழுதுவது எப்படி?

1972-ல் இந்தக் குழு சொன்ன வழி ரொம்ப எளிமையானது. முதலில் ஒரு கிராமரை வைத்துக் கிடைவரிசை ஒன்றை உருவாக்கு. பிறகு அந்த வரிசையின் ஒவ்வொரு குறியும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கீழ்நோக்கி வளரட்டும். முடிவில் கிடைப்பது ஒரு மேட்ரிக்ஸ், அதாவது ஒரு படம். இன்றைக்கும் இந்தத் துறையில் இதைச் சிரோமணி பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். 1974-ல் கிஃப்ட், ராணி, கமலா மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் என்ற சொல் ஏறிவிட்டது.

ஏன் கோலம்? இதற்கு நானே ஒரு உதாரணம் சொல்றேன். வார இதழில் கோலத்துக்குக் கீழே ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, ஒன்று வரை என்று ஒரு வரி போட்டிருப்பாங்க. அந்த ஒரு வரிதான் புரோகிராம். படிக்கிறவங்க நடுவில் ஏழு வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து ஒன்றில் முடிப்பாங்க. எத்தனை வரிசை ஏறியதோ அத்தனை வரிசை இறங்கணும். திறந்த அடைப்புக்குறியை எண்ணி மூடுகிற அதே வேலை. புள்ளி எவ்வளவு வேண்டுமானாலும் கூடலாம் என்றால் ஃபைனைட் ஆட்டோமேட்டனால் இதைச் செய்ய முடியாது, ஸ்டாக் வேணும். அக்காவுக்கு அது மனசிலேயே இருக்கு.

கம்பிக் கோலம் இன்னும் சுவாரஸ்யம். நம்ம பக்கம் சிக்குக் கோலம்னு சொல்றது. கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து, கடைசியில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். இந்தக் குழு அதைக் கையின் அசைவுகளாகப் பிரித்தது: நேரே போ, இடப்பக்கம் வளை, வலப்பக்கம் வளை, இப்படிச் சில. அந்த அசைவுகளுக்கு ஒவ்வொரு எழுத்து கொடுத்தால் கோலம் மறுபடியும் எழுத்துச் சரமாகிவிடும். சரம் வந்தாச்சுன்னா கிராமர் எழுதலாம். செடி வளர்வதைச் சொல்ல லிண்டன்மேயர் 1968-ல் உருவாக்கிய எல்-சிஸ்டம் விதிகளும் சில கோலங்களுக்கு அப்படியே பொருந்தின. வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆய்வாளர்களும் கோலத்தை எடுத்து வரைந்து பார்த்தார்கள்.

ஆனா கிஃப்ட் காகிதத்தோடு நிற்கவில்லை. கோலம் போடும் பெண்கள் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், எப்படி நினைவில் வைக்கிறார்கள் என்றும் ஆராய்ந்தார். எனக்கு அவரிடம் பிடித்த இடம் இதுதான். அலங்காரம் என்று எல்லாரும் தாண்டிப் போன ஒன்றில் அவர் அறிவைப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லணும்: பேப்பர்களில் பேராசிரியர்களின் பெயர் நிற்கிறது, அந்தக் கோலங்களை முதலில் யோசித்துப் போட்ட பெண்களின் பெயர் நமக்கு எங்கேயும் கிடைக்காது.

ஒரே துறையில் உட்காரும் ஆளும் இல்லை அவர். மாமல்லபுரம் சிற்பங்களின் உடையையும் நகையையும் கவனித்து 1970-ல் எழுதினார். அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணும் முறை பற்றி 1978-ல் இரண்டு சகாக்களோடு கட்டுரை வெளியிட்டார். இன்று போனில் பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றுகிறோமே, அதற்கெல்லாம் ரொம்ப முன்னால். பழைய எழுத்து வடிவங்களில் திருக்குறளைத் தந்த புத்தகம் 1980-ல் வந்தது. சிந்துவெளி எழுத்துத் தொடர்களை எங்கே வெட்டிப் பிரிப்பது என்பதற்கு டைனமிக் புரோகிராமிங்கைப் பயன்படுத்திப் பார்த்தார். நமக்கு அல்காரிதம் பாடத்தில் வர்ற அதே டைனமிக் புரோகிராமிங்தான்.

1988-ல் காலமானார். அறுபது வயதுகூட ஆகவில்லை. மறு வருஷம் அவர் நினைவாக ஒரு கட்டுரைத் தொகுதி வந்தது. தொகுத்தவர் ஆர். நரசிம்மன், மும்பையில் டிஃப்ராக் கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அந்தத் தொகுதிக்குள் கம்பிக் கோலத்தையும் சைக்கிள் கிராமரையும் பற்றிய கட்டுரை ஒன்று இருக்கிறது. எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் கிஃப்ட் சிரோமணி.