பழவேற்காடு கண்ட ஆபிரகாம் ரொஜேரியஸ்

ஒரு சமூகத்தின் வழிபாட்டைப் பிறர் அறிவதற்கு இரு வழிகள் உண்டு. கேள்விப்பட்டதைக் கொண்டு கற்பனை செய்வது ஒன்று. உரியவரையே அணுகிக் கேட்பது மற்றொன்று. பின்னைய வழியை ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் பழவேற்காட்டில் மேற்கொண்ட ஒருவரை இன்றைய மாணவர் அறிதல் நன்று. அவரே டச்சுப் போதகர் ஆபிரகாம் ரொஜேரியஸ்.

கோட்டைக்குப்பமும் ஜமீலாபாத்தும் அண்டையாய் அமைந்த பழவேற்காட்டு ஏரிக்கரை, மீனவர் வாழ்வுக்கு மட்டுமன்றி மரக்காயர்தம் கடல் வணிகத்திற்கும் பெயர் பெற்றது. இங்கு டச்சுக்காரர் 1613இல் கெல்திரியாக் கோட்டையை நிறுவினர். துணியும் வெடிமருந்தும் மட்டுமல்ல, அடிமைகளாக்கப்பட்ட மனிதரும் இத்துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டனர் என்பது வரலாற்றின் கறை. அத்தகைய வணிகக் கோட்டைக்கே ரொஜேரியஸ் சமயப் பணியாற்ற வந்தார்.

லெய்டன் நகரில் இறையியல் பயின்ற அவர், 1632 முதல் 1642 வரை பத்தாண்டுகள் பழவேற்காட்டில் வாழ்ந்தார். அக்காலத்தில் டச்சுக்காரரிடம் புகலிடம் பெற்றிருந்த பத்மநாபன் என்னும் அந்தணரின் நட்பு அவருக்குக் கிட்டியது. இருவரையும் இணைத்த மொழி போர்த்துகீசியம். சாதிப் பிரிவுகள், சடங்குகள், கோயில்கள், திருவிழாக்கள் ஆகியவற்றை ரொஜேரியஸ் வினவினார், பத்மநாபன் விளக்கினார். பர்த்ருஹரியின் வடமொழிப் பாடல்களுள் நீதியும் துறவும் பற்றியவை இவ்வகையில் டச்சு மொழியை அடைந்தன. வடமொழிச் செய்யுள்கள் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியதற்கு இதுவே மிகப் பழைய சான்றாகப் போற்றப்படுகிறது.

பின்னர்ப் படேவியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பிய அவர், 1649இல் கௌடா நகரில் மறைந்தார். அவருடைய நூல் 1651இல் லெய்டனில் வெளிவந்தது. மறைந்து கிடந்த சமயத்திற்குத் திறந்த கதவு என்னும் பொருள்பட அதற்குப் பெயரிடப்பட்டது. 1663இல் ஜெர்மனிலும் 1670இல் பிரெஞ்சிலும் அது பெயர்க்கப்பட்டது.

இந்நூலின் முகப்பை அழகு செய்தது ஒரு செதுக்குப்படம். செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடுகளைக் கீறி, அவற்றில் மையை நிரப்பி, ஈரத்தாளை அழுத்தி எடுப்பது அக்காலப் பட முறை. நூலின் சொற்கள் பழவேற்காட்டில் கேட்டறிந்தவை. படமோ ஐரோப்பியப் பட்டறையில் உருவானது. அச்சேறிய படத்தைக் கண்டு பிழை திருத்த நூலாசிரியர் உயிரோடில்லை.

இந்தியக் கோயில்களைப் பற்றிய ஐரோப்பியப் படங்கள் பலவற்றின் நிலை இதுவே. 1596இல் வெளியான லின்ஸ்கோட்டனின் பயண நூலில், கோயிலின் வழிபாட்டுருவம் கொம்பு முளைத்த பூதமாகத் தீட்டப்பட்டது. அதே படத்தில் பள்ளிவாசல் ஒன்றும் உண்டு. ஆகவே இப்பொருள் நமக்கு அயலானதன்று. பழவேற்காட்டு ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் செம்புரைக் கல்லில் நுணுகிச் செதுக்கப்பட்ட இராமாயணக் காட்சிகளை நேரில் கண்டவன் எவனும் பூதத்தை வரைந்திருக்க மாட்டான். தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792இல் தென்னாட்டுக் கோயில்களின் முன் நின்று வரைந்த பின்னரே, கோபுரமும் மண்டபமும் உள்ளவாறு ஐரோப்பியர் கண்களுக்குப் புலப்படலாயின.

ரொஜேரியஸ் நடுநிலையாளர் என்று கூறுவதற்கில்லை. தம் சமயமே மெய்யென்பது அவர்தம் உறுதி. நூலின் பெயரே பிறர் சமயத்தை இருளாகக் கருதியது. எனினும், தாம் ஏற்காத ஒன்றையும் அறிந்தவரிடம் கேட்டு, கேட்டவாறே எழுதினார். கற்பித்தவர் பெயரையும் மறைக்காது பதிந்தார். அவருக்கு அறுநூறு ஆண்டுகள் முன்னரே, ஏறத்தாழ 1030இல், அறிஞர் அல்பிரூனி வடமொழி கற்றுப் பண்டிதர்களை அணுகி இந்திய நூலை இயற்றிய நெறியும் இதுவே. தம் ஈமானில் ஊன்றி நின்றவாறே பிறர் கொள்கையைத் திரிக்காமல் எடுத்துரைத்தார் அப்பெருமகனார்.

பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் அருகருகே நிற்கும் நாட்டில் வாழ்கின்றோம். பார்க்காமல் வரைந்த படம் நூற்றாண்டுகள் கடந்தும் அழிவதில்லை. அதனால் விளையும் பகையும் எளிதில் மறைவதில்லை. அண்டை வீட்டாரின் நம்பிக்கையை அவரிடமே கேட்டறியும் பண்பை மாணவச் செல்வங்கள் தம் கல்வியின் ஒரு கூறாகக் கொள்வார்களாக.