அரசு வேலையா, கேமராவா? 11 வருஷம் யோசித்து முடிவெடுத்த இன்ஜினியர்... யார் இந்த ராஜா தீன் தயாள்?

மாசம் பிறந்தா அக்கவுன்ட்டில் சம்பளம் விழும் வேலை ஒரு பக்கம். சனி, ஞாயிறு ஆனா கல்யாண ஆர்டர், அவுட்டோர் ஷூட் என்று கேமராவோடு கிளம்புவது இன்னொரு பக்கம். ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் அந்தக் கேள்வி வரும். வேலையை விட்டுட்டு முழுசா இதுல இறங்கிடலாமா? இல்ல, பொழுதுபோக்காவே வெச்சுக்கலாமா?

இது இன்ஸ்டாகிராம் காலத்துக் கேள்வி மட்டுமில்லை. சுமார் 140 வருஷத்துக்கு முன்னாடி, இந்தூரில் அரசு வேலையில் இருந்த ஒருவரும் இதே கேள்வியைச் சந்தித்தார். அவர் எடுத்த முடிவுதான், 19-ம் நூற்றாண்டு இந்தியாவின் கோட்டைகளும் கோயில்களும் அரண்மனைகளும் எப்படி இருந்தன என்பதை இன்றைக்கும் நமக்குக் காட்டுகிறது. அவர் பெயர் லாலா தீன் தயாள். பின்னாளில் ராஜா தீன் தயாள்.

யார் இந்த தீன் தயாள்?

1844-ல் இன்றைய உத்தரப் பிரதேசத்தில், மீரட் அருகே உள்ள சர்தானாவில் பிறந்தவர். ஜெயின் குடும்பம். நகைத் தொழில் செய்தவர்கள். ஆனால் தீன் தயாள் அந்தப் பக்கம் போகவில்லை. ரூர்க்கியில் இருந்த தாமசன் சிவில் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்து படித்தார். இன்று ஐஐடி ரூர்க்கி என்று நாம் சொல்லும் கல்வி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான்.

படிப்பு முடிந்ததும் 1866-ல் இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை. கட்டுமானங்களுக்கு எஸ்டிமேட் போடுவதும், வரைபடம் தயாரிப்பதும் அவர் பொறுப்பு. வெள்ளைக்காரர் ஆட்சியில் ஒரு இந்தியருக்கு இது சாதாரண வேலை இல்லை. நிரந்தர வருமானம், சமூகத்தில் மரியாதை இரண்டும் இருந்தன. யாராக இருந்தாலும் அதோடு செட்டில் ஆகியிருப்பார்கள்.

கேமரா கைக்கு வந்தது எப்படி?

அப்போது இந்தியாவில் போட்டோகிராபி பெரும்பாலும் வசதியானவர்களின் பொழுதுபோக்கு. பம்பாயில் 1854-லும், கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் 1856-லும் போட்டோகிராபிக் சொசைட்டிகள் தொடங்கப்பட்டன. ராணுவ அதிகாரிகள், டாக்டர்கள், அரசு அதிகாரிகள் போன்றவர்கள்தான் அதில் அதிகம். படம் எடுத்துப் பிழைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

தீன் தயாளும் 1874 வாக்கில் அப்படித்தான் ஆரம்பித்தார். ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் கேமரா. கட்டடங்களை அளந்து, கோடு கோடாக வரைந்து பழகிய கண் அவருடையது. அந்தப் பழக்கம் படங்களில் நன்றாகவே தெரிந்தது.

இந்தூர் மகாராஜா இரண்டாம் துக்கோஜி ராவ் ஹோல்கர் அவரை ஆதரித்தார். மத்திய இந்தியாவுக்கான கவர்னர் ஜெனரலின் பிரதிநிதியாக இருந்த சர் ஹென்றி டாலியும் ஊக்கம் கொடுத்தார். 1875-76-ல் இங்கிலாந்து இளவரசர், அதாவது பின்னாளில் மன்னரான ஏழாம் எட்வர்ட், இந்தியா வந்தபோது அந்தப் பயணத்தைப் படமெடுக்கும் வாய்ப்பும் கிடைத்தது. பொழுதுபோக்காக ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷத்துக்குள் இவ்வளவு பெரிய ஆர்டர்!

போட்டோ எடுப்பது அவ்வளவு கஷ்டமா?

ஆமாம். இன்றைக்கு மாதிரி ஒரு பட்டனைத் தட்டினால் முடிகிற கதை இல்லை.

அன்று வழக்கத்தில் இருந்தது வெட் கொலோடியன் முறை. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சமமாக ஊற்ற வேண்டும். பிறகு அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். தகடு காய்வதற்குள் கேமராவில் மாட்டி, படமெடுத்து, உடனே இருட்டறையில் டெவலப் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் சில நிமிஷங்கள்தான் அவகாசம். வெயில் ஊரில் தகடு இன்னும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

அதனால் போட்டோகிராபர் எங்கே போனாலும் இருட்டறையும் கூடவே போகும். கூடாரம், கண்ணாடித் தகடுகள், ரசாயனப் பாட்டில்கள், தண்ணீர், இதையெல்லாம் தூக்க ஆட்கள். படத்தைப் பெரிதாக்கி பிரின்ட் போடும் வசதியும் அன்று வழக்கத்தில் இல்லை. தகடு எந்த அளவோ, படமும் அதே அளவு. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கண்ணாடி, அதற்கேற்ற பெரிய கேமரா.

பிரின்ட் போடுவது தனி வேலை. முட்டை வெள்ளைக்கரு பூசிய பேப்பரில் நெகட்டிவை வைத்து வெயிலில் காயவிட வேண்டும். கேமரா, லென்ஸ் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். செலவைக் கேட்டாலே தலை சுற்றும். இப்படிப்பட்ட ஒன்றை நம்பி அரசு வேலையை விடுவது எவ்வளவு பெரிய ரிஸ்க் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்

இங்கேதான் தீன் தயாளின் கதை சினிமா கதையிலிருந்து மாறுகிறது. அவர் ஒரே நாளில் ராஜினாமா கடிதத்தைத் தூக்கி வீசவில்லை. 1874-ல் கேமராவைத் தொட்டவர், 1885 வரை அரசு வேலையிலும் இருந்தார். கிட்டத்தட்ட 11 வருஷம்!

அந்த 11 வருஷமும் வீண் போகவில்லை. 1882-ல் மத்திய இந்தியாவில் சர் ஹென்றி டாலியின் பதவிக்குப் பிறகு வந்த சர் லெபல் கிரிஃபின், பழமையான கட்டடங்களைப் படமெடுக்க அவரை அழைத்துப் போனார். குவாலியர் கோட்டை, சாஞ்சி ஸ்தூபி, கஜுராஹோ, ஓர்ச்சா என்று பல இடங்களைக் கேமராவில் பதிவு செய்தார் தீன் தயாள். அந்தப் படங்களில் 80-க்கும் மேற்பட்டவை மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற நினைவுச் சின்னங்கள் பற்றிய கிரிஃபினின் புத்தகமாக 1886-ல் லண்டனில் வெளியாயின.

கவனிக்க வேண்டிய விஷயம் இது. இன்றைக்கும் அவருடைய மிகச் சிறந்த படங்கள் என்று பேசப்படுபவற்றில் இந்தக் கட்டடப் படங்களுக்கு முக்கிய இடம் உண்டு. அவை எடுக்கப்பட்டபோது அவர் முழுநேர போட்டோகிராபர் இல்லை. அரசு ஊழியர்.

லீவு போட்டு வைத்த பரீட்சை

1885-ல் வைஸ்ராய் டஃபரின் பிரபுவின் போட்டோகிராபராக நியமனம் கிடைத்தது. அதன் பிறகும் அவர் அவசரப்படவில்லை. வேலையை விடுவதற்குப் பதிலாக, நீண்ட விடுப்பு எடுத்தார். சுமார் 2 வருஷம். ஏற்கெனவே தொடங்கியிருந்த காட்சிப் படங்களின் வரிசையை முடிப்பதற்காக எடுத்த லீவு அது.

வேறு மாதிரி சொன்னால், முழுநேரத் தொழிலாக இது ஓடுமா என்று பார்ப்பதற்கும் அந்த லீவு உதவியது. ஓடவில்லை என்றால் திரும்பிப் போக ஒரு நாற்காலி இருந்தது. ஓடியது. அதன் பிறகுதான் அரசுப் பணியிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு 40 வயது தாண்டியிருந்தது.

வேலையை விட்ட நேரத்தில் அவர் கையில் வெறும் ஆசை மட்டும் இல்லை. 3 விஷயங்கள் இருந்தன. முதலாவது, ஏற்கெனவே படம் வாங்கிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள். இரண்டாவது, வைஸ்ராயின் போட்டோகிராபர் என்ற அங்கீகாரம். மூன்றாவது, எண் போட்டு அடுக்கி வைத்த நெகட்டிவ்கள். ஒரு தடவை எடுத்த நெகட்டிவிலிருந்து எத்தனை பிரின்ட் வேண்டுமானாலும் போட்டு விற்கலாம். ஆர்டர் வராத மாசத்திலும் பழைய படம் சோறு போடும்.

தொழில்நுட்பமும் அவருக்குக் கை கொடுத்தது. 1880-களில் டிரை பிளேட் என்ற, ஃபேக்டரியில் தயாரித்த காய்ந்த தகடுகள் பரவலாகின. படமெடுத்த இடத்திலேயே டெவலப் செய்ய வேண்டிய கட்டாயம் குறைந்தது. ஊர் ஊராகப் போய் எடுத்துவிட்டு, ஸ்டூடியோவுக்கு வந்து வேலை பார்க்க முடிந்தது.

ஹைதராபாத் கொடுத்த உச்சம்

1886-ல் செகந்திராபாத்தில் ஸ்டூடியோ திறந்தார். ஹைதராபாத்தின் ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கான் அவரை அரசவை போட்டோகிராபராக்கினார். அரண்மனைகள், விருந்துகள், ராணுவ அணிவகுப்புகள், வேட்டைகள் என்று நிஜாமின் உலகம் முழுவதும் அவர் கேமராவுக்குள் வந்தது.

1892-ல் அவர் செய்த ஒரு காரியம் அந்தக் காலத்துக்குப் பெரிய புதுமை. பர்தா முறையில் இருந்த பெண்கள் ஆண் போட்டோகிராபர் முன்னால் வந்து உட்கார மாட்டார்கள். அதனால் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே ஜெனானா ஸ்டூடியோ ஒன்றைத் தொடங்கினார். கென்னி லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண் அதன் பொறுப்பாளர். கலைஞர் தீன் தயாளுக்குள் இருந்த வியாபாரியும் தெரிவது இங்கேதான். மற்றவர்கள் தொட முடியாத வாடிக்கையாளர்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் விருது. 1894-ல் நிஜாம் ராஜா பட்டம் கொடுத்தார். 1896-ல் பம்பாயில் ஸ்டூடியோ. 1897-ல் விக்டோரியா மகாராணியின் ராயல் வாரன்ட். மகன்கள் கியான் சந்த், தரம் சந்த் இருவரும் தொழிலில் கூட நின்றார்கள்.

தொழிலான பிறகு என்ன மாறியது?

புகழ் வந்தது, பணம் வந்தது. கூடவே ஒரு விலையும் இருந்தது. தனக்காக எடுத்த நேரம் போய், கூப்பிட்டவருக்காக எடுக்கும் நேரம் வந்தது. வைஸ்ராய் வந்தால் படம், நிஜாம் விருந்து கொடுத்தால் படம், வேட்டை முடிந்தால் படம். 1902-ல் வாரங்கல் பக்கம் நெக்கொண்டா அருகே, சுட்டு வீழ்த்திய புலிகளோடு கர்சன் பிரபுவும் மனைவியும் நிற்கும் படம் இன்றும் பிரபலம். அதை எடுத்தது தீன் தயாள் நிறுவனம்தான். அவருக்குப் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. வாடிக்கையாளர் கேட்டார், ஸ்டூடியோ எடுத்துக் கொடுத்தது.

ஆனால் அந்தக் கட்டாயத்துக்குள்ளேயும் வேறு சில பதிவுகள் நடந்தன. 1899-1900 பஞ்சத்தின்போது ஹைதராபாத் சமஸ்தானத்தில் நடந்த நிவாரணப் பணிகளையும் அவருடைய ஸ்டூடியோ படமெடுத்தது. வைர மாலை போட்ட ராஜாக்களை எடுத்த அதே கேமரா, பசியில் இருந்த மக்களையும் பதிவு செய்தது.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. பெரிய புரவலர்களை நம்பி நடக்கும் தொழில், அவர்கள் கை நிற்கும்வரைதான் நிற்கும். 1904-ல் மகன் தரம் சந்த் இறந்தார். அடுத்த வருஷம், 1905 ஜூலை 5-ல் தீன் தயாளும் மறைந்தார். 1911-ல் நிஜாம் மெஹபூப் அலி கானும் இறந்துபோனார். ஸ்டூடியோவின் பொற்காலம் அதோடு திரும்பி வரவில்லை.

வேறு வழியில் போன இன்னொருவர்

இதே காலத்தில் இந்தியாவில் பெயர் வாங்கிய இன்னொரு போட்டோகிராபர் சாமுவேல் போர்ன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பேங்க் வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு 1863-ல் இந்தியா வந்து, இமயமலைப் படங்களால் புகழ் பெற்றார். அவர் பெயரில் உருவான போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோ கல்கத்தாவில் பல தலைமுறை ஓடியது.

ஆனால் போர்ன் 1870-ல் ஊருக்குத் திரும்பி, பருத்தித் தொழிலில் இறங்கிவிட்டார். போட்டோகிராபி மறுபடியும் அவருக்குப் பொழுதுபோக்கானது. வேலையை விட்டது இருவரும்தான். ஒருவர் கடைசிவரை தொழிலாகவே வைத்திருந்தார். இன்னொருவர் 7 வருஷம் முழுமூச்சாகச் செய்துவிட்டு, திரும்பவும் ஆசைக்காக மட்டும் எடுத்தார். இருவருடைய படங்களையும் இன்று உலகம் பாதுகாக்கிறது.

இன்று என்ன மிச்சம்?

தீன் தயாளின் 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை டெல்லியில் உள்ள இந்திரா காந்தி தேசிய கலை மையம் 1989-ல் வாங்கியது. 2006 நவம்பரில் இந்திய அஞ்சல் துறை அவர் படத்தோடு 5 ரூபாய் தபால் தலை வெளியிட்டது.

கேமராவையே தொழிலாக எடுக்கலாமா என்று இன்று யோசிப்பவர்களுக்கு அவர் வாழ்க்கையில் எந்த ஃபார்முலாவும் இல்லை. நிஜாம் மாதிரி ஒரு வாடிக்கையாளர் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார். ஆனால் வேலையை விடும் முன் அவர் சேர்த்து வைத்தது பணத்தை மட்டும் இல்லை. 11 வருஷப் பழக்கம், வாடிக்கையாளர்கள், எண் போட்ட நெகட்டிவ்கள், அப்புறம் 2 வருஷ லீவு. ராஜினாமா அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது.