மறுபடி மறுபடி தீ! மறுபடி மறுபடி எழுந்த தச்சர்
"லெகோ" பொம்மைக் கல் பிறந்த கதை

டென்மார்க்கு நாட்டில் ஒரு ஏழைக் குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள். அவர்களில் பத்தாவதாக 1891-ம் ஆண்டு ஒரு பையன் பிறந்தான். அவன் பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன்.

சிறு வயதில் ஆடு மாடு மேய்த்தான். பிறகு அண்ணனிடம் தச்சு வேலை கற்றான். ஜெர்மனிக்கும் நார்வேக்கும் போய் வேலை செய்து பணம் சேர்த்தான். 1916-ல் பில்லுண்ட் என்ற கிராமத்துக்கு வந்து, ஒரு தச்சுப் பட்டறையை விலைக்கு வாங்கினார் ஓலே. அப்போது அவருக்கு வயது 25.

பிள்ளைகள் வைத்த தீ

1924-ம் ஆண்டு. ஓலேயின் மகன்கள் இரண்டு பேர் பட்டறையில் விளையாடிக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் பற்றவைத்த நெருப்பு மரச்சுருளில் பிடித்தது. பட்டறையும் எரிந்தது, வீடும் எரிந்தது. ஓலே சோர்ந்துவிடவில்லை. முன்னைவிடப் பெரிய வீடாகக் கட்டினார். வீடு கட்டுவதே தொழிலாக உள்ளவர் அல்லவா?

பிறகு உலகம் முழுவதும் பணமுடை வந்தது. வீடு கட்டுவார் இல்லை. வேலையாட்களை அனுப்ப வேண்டியதாயிற்று. 1932-ல் மனைவியும் இறந்துபோனார். தாயில்லாத நான்கு ஆண் பிள்ளைகளுடன் ஓலே தவித்தார்.

அந்த நேரத்தில்தான் மிஞ்சிய மரத்தில் ஏணி, இஸ்திரிப் பலகை, பொம்மை என்று சின்னச் சாமான்கள் செய்யத் தொடங்கினார். உடன்பிறந்தவர்கள் கடனுக்கு ஜாமீன் நின்றார்கள். ஆனால், பொம்மையை விட்டுவிட்டு உபயோகமான தொழில் ஏதாவது செய்யும்படி புத்தி சொன்னார்கள். ஓலே கேட்கவில்லை. சில சமயம் பொம்மைக்குக் காசு வராது. சாப்பாட்டுச் சாமான்தான் வரும். அதையும் வாங்கிக்கொண்டார்.

யோயோ என்ற கயிற்று உருளைப் பொம்மைக்கு ஒரு காலம் ஏக கிராக்கி. திடீரென்று மவுசு போய்விட்டது. தேங்கிய உருளைகளை இரண்டாக அறுத்து, பொம்மை லாரிக்குச் சக்கரமாக மாட்டிவிட்டார்!

1934-ல் தொழிலுக்கு "லெகோ" என்று பெயர் வைத்தார். "நன்றாக விளையாடு" என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கிய பெயர் அது.

வாத்துக்கு மூன்று பூச்சு

மர வாத்துகளுக்கு மூன்று முறை வார்னீஷ் பூசுவது வழக்கம். ஒரு நாள் மகன் காட்பிரெட், இரண்டு பூச்சோடு நிறுத்தி, வாத்துகளை ரெயிலடிக்கு அனுப்பிவிட்டான். காசு மிச்சம் பிடித்ததைத் தகப்பனாரிடம் பெருமையாகச் சொன்னான். ஓலேக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லா வாத்துகளையும் திரும்பக் கொண்டுவந்து, இராத்திரியே மூன்றாவது பூச்சும் பூசி அனுப்பும்படி உத்தரவு போட்டார். பையன் தனியாகவே செய்து முடித்தான்.

1942-ல் மறுபடியும் தீ. தொழிற்சாலை, மாதிரிகள், வரைபடங்கள் எல்லாம் சாம்பல். வேலையாட்களின் பிழைப்பை நினைத்து ஓலே மீண்டும் கட்டினார்.

பிளாஸ்டிக் வந்தது

1946-ல் பெரிய விலை கொடுத்து, பிளாஸ்டிக் அச்சு வார்க்கும் எந்திரம் ஒன்று வாங்க ஏற்பாடு செய்தார். இங்கிலாந்தில் ஹிலாரி பிஷர் பேஜ் என்பவர் செய்த பிளாஸ்டிக் கல்லின் மாதிரியும் அவர் கைக்கு வந்தது. அதைப் பார்த்துச் சில மாறுதல்கள் செய்து, 1949-ல் தம்முடைய கல்லை வெளியிட்டார். ஆகவே, முதல் யோசனை பேஜ் உடையதுதான். அதை மறைப்பது நியாயம் அல்ல.

கல்லின் மேலே குமிழ்கள் உண்டு. உள்ளே வெறும் கூடு. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் உதிரும். குழந்தை பாடுபட்டுக் கட்டிய கோபுரம் கை பட்டதும் சரிந்தால் அழாமல் என்ன செய்யும்? பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு வழி பிறந்தது. எட்டுக் குமிழ்க் கல்லின் உள்ளே மூன்று குழாய்களை வைத்தார்கள். கீழ்க்கல்லின் குமிழ்கள், குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுகப் பிடித்துக்கொண்டன. 1958 ஜனவரி 28-ந்தேதி இதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார் காட்பிரெட்.

ஓலே அதன் பெருமையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சு மாதம் காலமானார்.

செம்பரம்பாக்கம் மதகைக் கட்டலாம்

பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் பக்கம் கொத்தனார் சுவர் எழுப்புவதைப் பார்த்து இருப்பீர்கள். ஒரு கல்லின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த கல்லின் இணைப்பு வராது. பொம்மைக் கல்லிலும் அதே வித்தைதான். மூலையில் ஒரு வரிசைக்கு நீளமாகவும், மறு வரிசைக்குக் குறுக்காகவும் வைக்க வேண்டும். வளைவு வேண்டுமானால், வரிசைக்கு ஒரு குமிழ் உள்ளே தள்ளிக்கொண்டே போகலாம்.

செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைக் கட்ட விரும்பும் பிள்ளைகள், முதலில் ஒரு கதவுக்கு எத்தனை குமிழ் அகலம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். எல்லாக் கதவுக்கும் அதே அளவு. தூண்களை அடியில் நீளக் கல்லால் பிணைக்க வேண்டும். கதவை மட்டும் பிணைக்காமல் விட்டால், ஏற்றி இறக்கலாம்.

ஒரே நிறமுள்ள எட்டுக் குமிழ்க் கல் இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம். ஆறு கல் இருந்தால்? 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம்!

1960-ல் மரப் பொம்மைக் கிடங்கு தீப்பிடித்தது.  அதற்குப் பின் காட்பிரெட் மரப் பொம்மை செய்வதையே நிறுத்திவிட்டார். 1958-ல் வார்த்த கல்லை எடுத்து, இன்று கடையில் வாங்கிய கல்லின்மீது வைத்து அழுத்தினால், "டக்" என்று பொருந்துகிறது.