பதவியைத் துறந்த பேராசிரியர்: ஃபோர்ட் ஹேரின் இசட்.கே. மேத்யூஸ்

ஒடுக்குவோரின் அனுமதியோடு நடக்கும் கல்விக்கூடத்தில் இருந்துகொண்டு ஒடுக்கப்பட்டோரின் அறிவை வளர்க்க இயலுமா? இயலும் எனில், எந்த நாள்வரை அங்கே இருக்கலாம், எந்த நாளில் வெளியேற வேண்டும்? இக்கேள்விகளுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் தென்னாப்பிரிக்காவின் இசட்.கே. மேத்யூஸ். மண்டேலாவைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவருக்குச் சட்டமும் சமூக மானிடவியலும் கற்பித்த இந்த ஆசிரியரைப் பற்றி அவ்வளவாகப் படித்ததில்லை.

மேத்யூஸ் 1901ஆம் ஆண்டு வைரச் சுரங்க நகரமான கிம்பர்லியின் அருகே பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. ட்ஸ்வானா மொழி பேசும் மக்களைச் சேர்ந்தவர். லவ்டேல் மிஷன் பள்ளியில் படித்த மேத்யூஸ், ஆலிஸ் நகரிலுள்ள ஃபோர்ட் ஹேர் கல்லூரிக்குச் சென்றார். கோசா மக்களின் நிலத்தில் ஆங்கிலேயப் படை எழுப்பிய பழைய கோட்டை நின்ற இடத்தில், அக்கோட்டையின் பெயரைத் தாங்கி, 1916இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி அது. அங்கே பயின்று இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் மாணவர்களுள் அவரும் ஒருவர்.

1925இல் நாட்டால் மாகாணத்தின் ஆடம்ஸ் கல்லூரியில் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுத்துலி அங்கே அவருடன் பணியாற்றினார். ஆசிரியப் பணியினூடே தாமே முயன்று சட்டம் பயின்ற மேத்யூஸ், 1930இல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கரானார். பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆப்பிரிக்கச் சட்ட மரபுக்கும் மேலை நாகரிகத்துக்கும் இடையிலான மோதலே அங்கு அவரது ஆய்வுப் பொருள். அதன்பின் இலண்டன் பொருளியல் கல்விக்கூடத்தில் மாலினோவ்ஸ்கியிடம் மானிடவியல் பயின்றார்.

யாருக்கான ஆய்வு?

1936இல் ஃபோர்ட் ஹேருக்கே விரிவுரையாளராகத் திரும்பினார். சமூக மானிடவியலும் சுதேசிச் சட்டமும் அவருடைய பாடங்கள். அக்காலத்தில் சுதேசிச் சட்டம் என்னும் துறை யாருக்குப் பயன்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. 1927ஆம் ஆண்டின் சுதேசி நிர்வாகச் சட்டம் ஆப்பிரிக்கருக்குத் தனி நீதிமன்றங்களை அமைத்தது. ஆணையின் வழியே அவர்களை ஆளவும் இடம்பெயர்க்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. வெள்ளை அதிகாரிகள் ஆள்வதற்காக ஒரு மக்களின் வழக்காறு திரட்டப்பட்டு வந்தது.

அந்தத் துறைக்குள் மேத்யூஸ் நுழைந்தார். ரோலாங் மக்களிடையே கள ஆய்வு செய்து அவர்களின் திருமண முறைகளையும் வரலாற்றையும் எழுதினார். 1944இல் மூத்த அறிஞர் டி.டி.டி. ஜபாவு ஓய்வு பெற்றபின் பேராசிரியராக உயர்ந்து ஆப்பிரிக்கவியல் துறைக்குத் தலைமை ஏற்றார். மண்டேலாவும், பின்னாளில் போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவரான செரெட்சே காமாவும் படித்த கல்லூரி அது.

அவரது ஆய்வும் அரசியலும் ஒன்றையொன்று தொட்ட இடத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஆப்பிரிக்கருக்கெனத் தனி மரபு இருக்கிறது, ஆகவே அவர்களுக்குத் தனி நிலம், தனி நிர்வாகம், தனிக் கல்வி என்பது அரசின் வாதம். அந்த மரபை அதிகாரிகள் எவரைக் காட்டிலும் நன்கறிந்த மேத்யூஸ், அந்த முடிவை ஏற்கவில்லை. 1943இல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் முழுக் குடியுரிமை கோரி ஆவணம் ஒன்றைத் தயாரித்தபோது அதை உருவாக்கிய குழுவில் அவர் இருந்தார். பண்பாட்டால் வேறுபட்டோர் உரிமையால் சமமானவர்களே என்பது அவர் நிலைப்பாடு. வழக்காறு என்ற பெயரில் மனிதரை ஒதுக்கிவைக்கும் எல்லாச் சமூகங்களிலும் இவ்வாதத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது.

உள்ளிருந்த ஆண்டுகள்

கேப் மாகாண ஆப்பிரிக்கரைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கிய 1936ஆம் ஆண்டுச் சட்டம், ஈடாகச் சுதேசிப் பிரதிநிதிகள் மன்றம் ஒன்றை அமைத்தது. அறிவுரை கூறலாம், முடிவெடுக்க அதிகாரம் இல்லை. மேத்யூஸ் 1942இல் அதன் உறுப்பினரானார். 1946இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அரசு காவல்துறையைக் கொண்டு நசுக்கியபோது, உறுப்பினர்கள் மன்றத்தையே ஒத்திவைத்து எதிர்ப்புக் காட்டினர். காங்கிரசின் இளைஞர் அணி முழுப் புறக்கணிப்பைக் கோரியது. ஆயினும் மேத்யூஸ் விலகியது 1950இல்தான்.

அவர் தாமதித்தார் என்றே நாம் கருதுகிறோம். அதிகாரமற்ற மன்றத்தில் கற்றறிந்த ஒருவர் அமர்ந்திருப்பது அம்மன்றத்துக்குத் தகுதியற்ற மதிப்பைத் தரும். எனினும் நல்ல வாதங்களுக்கு அரசு செவிசாய்க்காது என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றார். அதன்பின் மக்களிடம் சென்றார். 1953 ஆகஸ்டில் க்ராடொக் நகரில் நடந்த காங்கிரசின் கேப் மாகாண மாநாட்டில், எல்லா இன மக்களும் கூடி வருங்காலத் தென்னாப்பிரிக்காவுக்கான சாசனத்தை உருவாக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். ஊர் ஊராகத் திரட்டப்பட்ட கோரிக்கைகளைக் கொண்டு எழுதப்பட்ட விடுதலைச் சாசனம் 1955 ஜூன் 26இல் கிளிப்டவுனில் ஏற்கப்பட்டது. சாசனத்தின் வாசகம் பிறர் எழுதியது. மக்களே எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருடையது.

அரசு அதைத் தேசத்துரோகம் என்றது. 1956 டிசம்பரில் கைது செய்யப்பட்டு விசாரிக்கப்பட்ட 156 பேரில் மேத்யூஸ், அவருடைய மகன் ஜோ, மண்டேலா, நாட்டால் இந்தியர் தலைவரான மோன்டி நாயக்கர் ஆகியோர் இருந்தனர். 1958இல் மேத்யூஸ் மீதான வழக்கு கைவிடப்பட்டது. இறுதிவரை விசாரிக்கப்பட்டோரும் 1961இல் விடுதலையாயினர்.

வெளியேறிய நாள்

1959இல் நாடாளுமன்றம் இன அடிப்படையில் பல்கலைக்கழகங்களைப் பிரித்தது. ஃபோர்ட் ஹேர் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. ஆசிரியர் பலர் நீக்கப்பட்டனர். ஓய்வுக்குச் சிறிது காலமே இருந்த மேத்யூஸ் பணியைத் துறந்தார். அதனால் ஓய்வூதியத்தையும் இழந்தார். மன்றத்தில் தாமதித்தவர், கல்லூரியில் தாமதிக்கவில்லை.

1960இல் ஷார்ப்வில் படுகொலையைத் தொடர்ந்த நெருக்கடிநிலையில் மீண்டும் சிறை சென்றார். பிறகு ஆலிஸில் வழக்குரைஞராகப் பணியாற்றி, ஜெனிவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் ஆப்பிரிக்கப் பிரிவுக்குச் செயலாளராகச் சென்றார். 1966இல் விடுதலை பெற்ற போட்ஸ்வானா, அவரை அமெரிக்காவுக்கும் ஐக்கிய நாடுகள் அவைக்கும் தன் தூதராக்கியது. பிறந்த நாடு குடிமகனாக ஏற்க மறுத்தவரை அண்டை நாடு தன் குரலாக அனுப்பியது. 1968 மே மாதம் வாஷிங்டனில் அவர் காலமானார். அவரது தன்வரலாறு 1981இல்தான் நூலாக வெளிவந்தது.

இன்று பல்கலைக்கழகங்களிலும் நீதிமன்றங்களிலும் ஆணையங்களிலும் நம் மாணவர்கள் காலடி வைக்கிறார்கள். வைக்கத்தான் வேண்டும், அந்த இடங்கள் நம்முடையவையும்கூட. ஆனால் எந்த எல்லை மீறப்பட்டால் விலகுவோம் என்பதை உள்ளே நுழையும்போதே நாம் வகுத்துக்கொள்ள வேண்டும். ஊதியமும் ஓய்வூதியமும் கணக்கில் வந்தபின் அந்த எல்லையைத் தேடுவது கடினம். மேத்யூஸ் ஒருமுறை பிந்தினார், மறுமுறை உரிய நேரத்தில் எழுந்தார். இரண்டையும் சேர்த்தே அவரை நாம் படிக்க வேண்டும்.