ஏன் என்று கேட்கக் கற்பித்தவர்

நுழையும்முன்

பாடத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரைப் பாராட்டுவது எளிது. பாடத்தின்மீது வினா எழுப்பும் மாணவரை வரவேற்பதற்கு ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, கல்கத்தா நகரின் கல்லூரி ஒன்றில், அத்துணிவுடன் வகுப்பறைக்குள் நுழைந்தார் ஓர் இளைஞர். அவர் கற்பித்த முறை அவருக்கு மாணவர்களின் அன்பைப் பெற்றுத் தந்தது. அதுவே அவருடைய பணியையும் பறித்தது. பதினேழு வயதில் ஆசிரியராகி, இருபத்திரண்டு வயதில் மறைந்த ஹென்றி லூயி விவியன் டெரோசியோவின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் கல்வியும்

டெரோசியோ 1809ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கல்கத்தாவின் எண்டாலிப் பகுதியில் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் டெரோசியோ, போர்ச்சுகீசிய - இந்தியக் கலப்பு மரபினர். வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். தாய் சோபியா ஜான்சன். ஆறு வயதிலேயே டெரோசியோ தாயை இழந்தார்.

ஐரோப்பியரும் இந்தியரும் கலந்த மரபில் பிறந்தோரின் நிலை அக்காலத்தில் இரங்கத்தக்கதாக இருந்தது. ஆங்கிலேயர் அவர்களைத் தமக்குச் சமமாகக் கருதவில்லை. இந்தியச் சமூகமும் அவர்களைத் தம்மவராக ஏற்கவில்லை. கம்பெனி ஆட்சியின் உயர்பணிகளில் அவர்களுக்கு இடமில்லை. இவ்வாறு இரு கரைகளுக்கும் நடுவே நின்ற ஒரு சமூகத்தில்தான் டெரோசியோ வளர்ந்தார்.

அவர் படித்த பள்ளி, தர்மதல்லாவில் டேவிட் டிரம்மண்ட் என்பவர் நடத்தியதாகும். ஸ்காட்லாந்து நாட்டவரான டிரம்மண்ட், கவிஞர். எதனையும் அறிவின் துணைகொண்டு ஆராய்ந்து ஏற்கும் இயல்பினர். அவரது பள்ளியில் ஐரோப்பியச் சிறுவரும் கலப்பு மரபினரும் இந்தியச் சிறுவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்றனர். இலக்கிய ஆர்வத்தையும் ஆராயும் மனப்பான்மையையும் டெரோசியோ அங்கிருந்தே பெற்றார்.

கங்கைக்கரைக் கவிஞர்

பதினான்கு வயதில் டெரோசியோவின் பள்ளிப்படிப்பு முடிந்தது. தந்தை பணியாற்றிய நிறுவனத்தில் சிறிது காலம் எழுத்தராக இருந்தார். கணக்கேடுகளில் அவர் மனம் ஒன்றவில்லை. பாகல்பூர்ப் பகுதியில் அவுரிச் சாயத் தொழில் நடத்திவந்த உறவினரிடம் சென்றார். அங்கே கங்கையாறு விரிந்து ஓடியது. ஆற்றின் நடுவே பாறைத்தீவு ஒன்று உயர்ந்து நின்றது. அக்காட்சிகள் அவருள் உறங்கிக்கிடந்த கவிஞரை எழுப்பின.

அவர் எழுதியனுப்பிய ஆங்கிலக் கவிதைகளை, இந்தியா கெசட் இதழின் ஆசிரியர் ஜான் கிராண்ட் விரும்பி வெளியிட்டார். 1827இல் முதல் கவிதைத் தொகுப்பு நூலாயிற்று. மறு ஆண்டில், கங்கையின் பாறைத்தீவைக் களமாகக் கொண்டு அவர் இயற்றிய ஜங்கிராவின் பக்கிரி என்னும் நெடுங்கவிதை வெளிவந்தது. கணவனின் சிதையில் ஏற்றப்படவிருந்த இளம் கைம்பெண் ஒருத்தி காப்பாற்றப்படுவதிலிருந்து விரியும் துயரக்கதை அது. உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்யும் சட்டம் பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே அக்கவிதை அச்சேறிவிட்டது என்பது நினைக்கத்தக்கது. இந்தியாவைத் தம் தாய்நாடாகப் போற்றி, அதன் பழம்பெருமை மங்கியதற்கு வருந்தியும் அவர் பாடினார்.

பதினேழு வயது ஆசிரியர்

1817இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்ற இந்துக் கல்லூரி, மேலைக்கல்வியை இந்திய இளைஞர்க்கு வழங்கிய முன்னோடி நிறுவனமாகும். நகரத்துச் செல்வக் குடும்பத்தினரின் பொருளுதவியாலும், கடிகாரத் தொழில் செய்து பின்னர்க் கல்வித்தொண்டராக மாறிய டேவிட் ஹேர் போன்றோரின் முயற்சியாலும் அது வளர்ந்தது. 1826இல் டெரோசியோ அங்கு ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினேழு. மாணவர் பலர் அவரைவிட இரண்டு மூன்று ஆண்டுகளே இளையவர்கள்.

வீட்டில் பெரியோர் சொல்லை மறுத்துப் பேசாத வழக்கத்தில் வளர்ந்தவர்கள் அம்மாணவர்கள். பள்ளியிலும் ஆசிரியர் சொல்வதை எழுதிக்கொண்டு மனனம் செய்வதே கல்வி என அறிந்திருந்தார்கள். டெரோசியோவின் வகுப்பு அவர்களுக்கு வியப்பளித்தது. அவர் ஒரு பாடற்பகுதியைப் படித்துக்காட்டுவார். அதன் பொருளைச் சொல்லிமுடிக்குமுன் மாணவரின் கருத்தைக் கேட்பார். வரலாற்று நிகழ்ச்சி ஒன்றை விளக்குவார். அது நேர்ந்ததற்கான காரணத்தை அவர்களையே ஆராயச் செய்வார். ஒரு மாணவர் ஏதேனும் ஒரு கருத்தைக் கூறினால், அதற்குரிய சான்று யாது என்பது அடுத்த கேள்வியாக வரும். தவறான விடை அங்கே தண்டனைக்குரியதாகவில்லை. ஆராயாமல் சொல்லும் விடையே குறையாகக் கருதப்பட்டது.

இருபக்கமும் அறிதல்

மெய்யியல் கருத்துகளைப் பேசும்போது டெரோசியோ பின்பற்றிய முறை குறிப்பிடத்தக்கது. கடவுள் இருப்பதற்குச் சொல்லப்படும் சான்றுகள்மீது ஐயங்களை எழுப்பியவர் ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம். அவருடைய வாதங்களை டெரோசியோ மாணவர்க்கு அறிமுகப்படுத்தினார். அத்துடன் நிறுத்தாமல், ஹியூமுக்கு மறுமொழி கூறிய தாமஸ் ரீடு, டூகல்டு ஸ்டூவர்ட் ஆகியோரின் வாதங்களையும் அதே அக்கறையுடன் எடுத்துரைத்தார். முடிவை மாணவரிடமே விட்டுவிட்டார்.

ஒரு பொருளின் ஒரு பக்கத்தை மட்டும் அறிந்தவர் அப்பொருளை அறிந்தவராகார் என்பது அவரது கொள்கை. ஐயம் கொள்வது அறிவின் தொடக்கம் என்றும், ஐயத்திலேயே தங்கிவிடாமல் சான்றுகளைத் தேடித் தெளிவது அறிவின் பயன் என்றும் அவர் கருதினார். எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அதன் மெய்ப்பொருளைக் காண வேண்டும் என்னும் வள்ளுவர் நெறியைத் தமிழுலகம் நெடுங்காலமாக அறியும். அந்நெறியை வகுப்பறையின் நாள்முறைப் பயிற்சியாக்க முயன்றவர் டெரோசியோ எனலாம்.

வகுப்பறைக்கு அப்பால்

கல்லூரி மணி அடித்தபின்னும் டெரோசியோவின் வகுப்பு முடிவதில்லை. மாணவர்கள் அவருடைய வீட்டிற்குச் சென்று நூல்களைப் படித்தனர். கவிதைகளைப் பற்றி உரையாடினர். 1828இல் அக்கடமிக் அசோசியேசன் என்னும் சொற்போர் மன்றம் உருவாயிற்று. மாணிக்தலாவில் இருந்த தோட்ட வீடு ஒன்றில் அதன் கூட்டங்கள் நடைபெற்றன. டெரோசியோ தலைவராக அமர்ந்தார், பேசியவர்கள் மாணவர்கள்.

ஊழ், தன்னுரிமை, அறம், நாட்டுப்பற்று, உருவ வழிபாடு, சாதி ஆகியன அங்கே விவாதப் பொருள்களாயின. ஒருவர் ஒரு கருத்தை நிறுவ, மற்றொருவர் மறுக்க, மன்றம் சூடுபிடிக்கும். பதினைந்து, பதினாறு வயது இளைஞர்களின் வாதத்திறனைக் காண டேவிட் ஹேரும், உயர்பதவிகளில் இருந்த ஆங்கிலேயர் சிலரும் வந்து அமர்ந்ததுண்டு.

பேசிப்பழகியவர்கள் எழுதவும் முனைந்தனர். 1830இல் மாணவர்கள் பார்த்தினான் என்னும் இதழைத் தொடங்கிப் பெண்கல்வி, நீதிமன்றச் செலவுகளின் சுமை, மூடப்பழக்கங்கள் முதலியவற்றைப் பற்றி எழுதினர். முதல் இதழ் வெளிவந்த அளவிலேயே கல்லூரி நிருவாகம் அம்முயற்சியைத் தடுத்துவிட்டது.

எழுந்த எதிர்ப்பு

கேள்வி கேட்கக் கற்ற இளைஞர்கள் வீட்டிலும் கேள்வி கேட்டனர். சாதி வேறுபாட்டிற்கு என்ன சான்று, பெண்களுக்குக் கல்வி ஏன் மறுக்கப்படுகிறது, சடங்குகளின் பயன் யாது என்றெல்லாம் அவர்கள் வினவினர். இரசிக் கிருஷ்ண மல்லிக் என்னும் மாணவர், கங்கை நீரைத் தொட்டு ஆணையிட நீதிமன்றத்தில் மறுத்தார். பெற்றோர் அஞ்சினர். சிலர் தம் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினர்.

மாணவர்களின் செயல்கள் யாவும் முதிர்ச்சியுடையனவாக இருந்தன என்று கூற இயலாது. அண்டை வீட்டாரின் மனத்தைப் புண்படுத்தும் வகையில் சிலர் நடந்துகொண்டனர். பழமையை ஆராய்வதற்கும் பழமையை எள்ளி நகையாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவ்விளமைப்பருவம் சில வேளைகளில் மறந்தது. அவ்வரம்பு மீறல்கள் அனைத்திற்கும் ஆசிரியரே பொறுப்பு என ஊர் பேசியது. அவரைப் பற்றி ஆதாரமற்ற வதந்திகளும் பரவின.

கேளாமல் வழங்கிய தீர்ப்பு

1831ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கல்லூரியின் நிருவாகக்குழு கூடியது. டெரோசியோ அக்கூட்டத்திற்கு அழைக்கப்படவில்லை. அவர் ஆசிரியப் பணிக்குத் தகுதியற்றவர் என்னும் கருத்தைக் குழுவின் பெரும்பான்மையினர் ஏற்கவில்லை. ஆயினும், நகரத்து மக்களின் மனநிலையைக் கருதி அவரை நீக்குவதே உகந்தது என்று முடிவு செய்தனர். குழுவில் இருந்த கீழைமொழி அறிஞர் எச். எச். வில்சனும் டேவிட் ஹேரும் இந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை.

செய்தி அறிந்த டெரோசியோ பணிவிலகல் கடிதம் அனுப்பினார். தம்மீது விசாரணை நடத்தாமலும் தம் விளக்கத்தைக் கேளாமலும் முடிவெடுத்ததை அதில் சுட்டிக்காட்டினார். வில்சன் அவருக்கு எழுதி, ஊரார் கூறிய குற்றச்சாட்டுகளுக்கு விளக்கம் வேண்டினார். டெரோசியோவின் மறுமொழி தெளிவாக இருந்தது. கடவுள் இல்லை என்று எவரிடமும் தாம் கூறியதில்லை. கடவுளைப் பற்றிய வாதங்களின் இருபக்கங்களையும் கற்பித்ததுண்டு. அவ்வாறு கற்பித்தது குற்றமெனில் அக்குற்றத்தைத் தாம் மறுக்கவில்லை என்று அவர் விளக்கினார். பெற்றோரை மதிக்க வேண்டாம் என்று கற்பித்ததாகக் கூறப்பட்டதையும் அவர் மறுத்தார். தந்தையிடம் மனவருத்தம் கொண்டு வீட்டைவிட்டு வெளியேற எண்ணிய மாணவர் ஒருவரைத் தாமே தடுத்து அறிவுரை கூறியதைச் சான்றாக எடுத்துக்காட்டினார்.

எந்தக் கருத்தையும் இருபக்கம் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று கற்பித்த ஆசிரியர், ஒருபக்கம் மட்டும் கேட்டு எடுத்த முடிவால் வகுப்பறையை விட்டு வெளியேறினார்.

இறுதி நாள்கள்

டெரோசியோ சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டு ஈஸ்ட் இந்தியன் என்னும் நாளிதழைத் தொடங்கித் தம் சமூகத்தாரின் உரிமைகளுக்காக எழுதினார். மாணவர்கள் முன்போலவே அவரைத் தேடி வந்தனர். டிசம்பர்த் திங்களில் அவரைக் காலரா நோய் பற்றியது. இந்துக் கல்லூரி மாணவர்கள், தங்கள் சமூகத்தின் கட்டுப்பாடுகளைப் பொருட்படுத்தாது, அவர் படுக்கையருகே இருந்து இரவும் பகலும் பணிவிடை செய்தனர். 1831ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் டெரோசியோ இயற்கை எய்தினார். கல்கத்தாவின் தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மாணவர்களே சான்று

டெரோசியோவின் மாணவர்களை வரலாறு இளம் வங்காள இயக்கத்தினர் என்று அழைக்கிறது. அவ்வியக்கம் நகரத்து மேல்தட்டு இளைஞர்களைக் கடந்து உழவர்களையும் சிற்றூர்களையும் எட்டவில்லை. அஃது அதன் குறையே ஆகும். ஆயினும், தனித்தனியே அவர்கள் ஆற்றிய பணிகள் பெரியவை.

கிருஷ்ண மோகன் பானர்ஜி 13 தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியத்தை உருவாக்கினார். பியாரி சந்த் மித்ரா பேச்சுவழக்கில் அமைந்த வங்க உரைநடைக்கு வழிகாட்டிய புதினத்தைப் படைத்தார். ராம்கோபால் கோஷ் நாவன்மையால் பொதுவாழ்வில் சிறந்தார். தட்சிணாரஞ்சன் முகர்ஜி, கல்கத்தாவில் பெத்தூன் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு நிலம் வழங்கினார். ராம்தனு லாகிரி ஆசிரியராகித் தம் ஆசிரியரின் வழியில் நடந்தார்.

ராதாநாத் சிக்தார் கணித அறிஞரானார். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கப்பட்ட பெரும் நிலஅளவைப் பணி, பின்னர் இமயம் வரை நீண்டது. அதில் கணக்கீட்டாளராகப் பணியாற்றிய சிக்தார், அதுவரை எண்ணால் மட்டுமே குறிக்கப்பட்ட சிகரம் ஒன்றின் உயரத்தைக் கணக்கிடுவதில் முதன்மைப் பங்கு வகித்தார். உலகின் மிக உயர்ந்த சிகரம் அது என உறுதியாயிற்று. இன்று அது எவரெஸ்ட் என வழங்கப்படுகிறது.

கவிஞர், கலைக்களஞ்சிய ஆசிரியர், புதின எழுத்தாளர், கணித அறிஞர், பெண்கல்வி ஆர்வலர் என இவர்கள் நடந்த பாதைகள் வெவ்வேறு. சமயநம்பிக்கையிலும் இவர்கள் ஒன்றுபட்டிருக்கவில்லை. ஆசிரியர் தம் கருத்துகளை மாணவர் மனத்தில் திணித்திருந்தால் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவராக இருந்திருப்பர். ஒவ்வொருவரும் தமக்குரிய வழியைத் தாமே தேர்ந்துகொண்டமை, டெரோசியோ கற்பித்த முறைக்குக் கிடைத்த மிகச்சிறந்த சான்றாகும்.

அவர் பணியாற்றிய இந்துக் கல்லூரி இன்று பிரசிடென்சி பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அங்குள்ள அரங்கம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2009இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. அவர் ஆசிரியராக இருந்த காலம் ஏறத்தாழ ஐந்தாண்டுகளே. ஆசிரியரைப் பார்த்து ஏன் என்று அச்சமின்றிக் கேட்கும் மாணவர் எங்கெல்லாம் இருக்கிறாரோ, அக்கேள்வியைப் புன்னகையுடன் வரவேற்கும் ஆசிரியர் எங்கெல்லாம் இருக்கிறாரோ, அங்கெல்லாம் டெரோசியோவின் வகுப்பு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. நிருவாகக்குழு டெரோசியோவை அழைத்து விசாரித்திருந்தால் அவர் எவ்வாறு பேசியிருப்பார்? அவரது நிலையிலிருந்தும், அஞ்சிய பெற்றோர் ஒருவரின் நிலையிலிருந்தும் உரை எழுதி வகுப்பில் நிகழ்த்துக.
2. பாடநூலில் உள்ள ஏதேனும் ஒரு கருத்தைத் தேர்ந்து, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் சான்றுகளைத் திரட்டி, சொற்போர் நடத்துக.
3. பழமையை ஆராய்தல், பழமையை இகழ்தல் ஆகியவற்றுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.