பட்டம் வாங்காத பெஸ்ஸல்

போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி. பக்கத்து இலைப் பெரியவர் என்ன படிக்கிறாய் தம்பி என்று கேட்டார். சிவில், மூன்றாம் வருடம் என்றேன். பி.ஈ.யா என்றார். டிப்ளமோ என்றதும், ஓ... என்று இழுத்துவிட்டு ரசம் வாங்கத் திரும்பிவிட்டார். அந்த ‘ஓ’ நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். அன்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது எனக்கு ஞாபகம் வந்தவர் பெஸ்ஸல்.

பிரெட்ரிக் வில்ஹெல்ம் பெஸ்ஸல் 1784-ல் ஜெர்மனியின் மிண்டன் நகரில் பிறந்தார். அப்பா அரசு ஊழியர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். லத்தீன் மண்டையில் ஏறவில்லை. 14 வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு! 1799-ல் பிரெமன் துறைமுகத்தில் ஒரு வியாபாரக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். 7 வருட ஒப்பந்தம், சம்பளம் கிடையாது. நம்ம அப்ரண்டிஸுக்காவது ஸ்டைபண்டு உண்டு.

கணக்கு எழுதிய பையனுக்குச் சரக்கோடு கப்பலில் போக ஆசை. நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று அறிய நட்சத்திரம் தெரிய வேண்டும். அதற்காக ராத்திரியில் வானியல் படிக்க உட்கார்ந்தவர் அதிலேயே விழுந்துவிட்டார். 1607-ல் ஹேரியட் என்ற ஆங்கிலேயர் எடுத்த அளவுகளை வைத்து ஹாலி வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்குப் போட்டார். 1804-ல், 20 வயதில், அதை ஆல்பர்ஸிடம் காட்டினார். ஆல்பர்ஸ் அதே ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே வானியலில் பெரும் பெயர் எடுத்தவர். பையன் என்ன படித்திருக்கிறான் என்று அவர் பார்க்கவில்லை, கணக்கைப் பார்த்தார். அச்சுக்கு அனுப்பிவைத்தார். அன்று தொடங்கிய நட்பு, கடிதங்களாக, ஆல்பர்ஸ் இறக்கும்வரை 36 வருடம் நீடித்தது.

1806-ல் காசு வரும் வியாபாரத்தை விட்டுவிட்டு, லிலியன்தால் வானாய்வகத்தில் உதவியாளர் வேலை. 1810-ல் பிரஷ்ய அரசு கூப்பிட்டு, கோனிக்ஸ்பெர்க்கில் (இன்றைய ரஷ்யாவின் காலினின்கிராட்) புது வானாய்வகத்தையும் பேராசிரியர் பதவியையும் கொடுத்தது. அங்கேதான் வந்தது வில்லங்கம். டாக்டர் பட்டம் இல்லாதவர் எப்படிப் பாடம் நடத்தலாம் என்று பல்கலைக்கழகத்தில் ஆட்சேபம். அட, அங்கேயும் அதே ‘ஓ’ தான்! அவரோடு கடிதத் தொடர்பில் இருந்த கணித மேதை காஸ் சிபாரிசு செய்ய, கோட்டிங்கன் பல்கலைக்கழகம் 1811-ல் பரீட்சை இல்லாமலே பட்டம் அனுப்பியது.

சிவில் நண்பர்களுக்கு ஒரு விஷயம். கட்டை விரலை நீட்டி, ஒரு கண் மாற்றி ஒரு கண் மூடிப் பாருங்கள், விரல் நகர்வது போல் தெரியும். அதேபோல பூமி சூரியனைச் சுற்றும்போது பக்கத்து நட்சத்திரம் கொஞ்சம் நகர வேண்டும். யாராலும் அதை நம்பகமாக அளக்க முடியவில்லை. பெஸ்ஸலிடம் இருந்தது மியூனிக்கில் பிரான்ஹோபர் பட்டறை செய்த ஹீலியோமீட்டர். லென்ஸை இரண்டு பாதியாக அறுத்து, ஸ்க்ரூ வைத்து நகர்த்தும் கருவி. சிக்னஸ் மண்டலத்தின் 61-ம் எண் நட்சத்திரத்தை ஒரு வருடத்துக்கு மேல் அளந்தார். விடை சுமார் 0.31 விநாடி. நம்ம சர்வே லேப் வெர்னியர் தியோடலைட் காட்டும் மிகச் சிறிய அளவு 20 விநாடி. அதை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு! ஒளியே அங்கிருந்து வர 10 வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார். இன்றைய அளவு 11.4 ஒளி ஆண்டு.

1838 அக்டோபரில் இந்த முடிவை இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷலுக்குக் கடிதமாக எழுதினார். அதே மாதம் ஆல்பர்ஸுக்கு 80-வது பிறந்தநாள். பெஸ்ஸல் கொடுத்த பரிசு இந்த அளவுதான். பிரபஞ்சம் பற்றிய நம் எண்ணங்களுக்கு முதன்முதலாக உறுதியான அடித்தளம் கிடைத்தது என்று கிழவர் நன்றி சொன்னார். பல்லாஸ், வெஸ்டா என்று இரண்டு சிறுகோள்களைக் கண்டுபிடித்த அந்த மனிதர், வானியலுக்குத் தான் செய்த பெரிய சேவை பெஸ்ஸலைக் கொண்டுவந்ததுதான் என்றும் சொல்லியிருக்கிறார்.

1840 பெஸ்ஸலுக்குப் பொல்லாத வருடம். மார்ச்சில் ஆல்பர்ஸ் போனார். அதே வருடம் மகன் வில்ஹெல்மும் இருபத்தாறு வயதில் போய்விட்டான். 1846-ல் பெஸ்ஸலும் காலமானார். அவருக்கும் ஆல்பர்ஸுக்கும் நடந்த கடிதங்களை மருமகன் எர்மான் 1852-ல் இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார்.